முழுவரவுப் பரிசும் டெங்கு வைரசும்

ஆண்டுதோறும் எங்கள் கல்லூரிப் பரிசளிப்பு விழாவில், ஒரு நாளும் தவறாமல் வந்த மாணவிக்கு முழுவரவுப் பரிசு கொடுக்கிறார்கள். அந்தப் பரிசை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதன் விதியையாவது மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. மூன்று தடவை அதை வாங்கிய என் தோழி இதை வாசித்தால் கோபிப்பாள். ஆனாலும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரணம் டெங்கு. 2017இல் மட்டும் நம் நாட்டில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வளவு மோசமில்லாத ஆண்டுகளிலும், மழை பெய்து ஓய்ந்தால் வகுப்பில் இரண்டொரு கதிரைகள் வெறுமையாகி விடுகின்றன.

வைரசு தானாக உண்ணாது, வளராது, பெருகாது. டெங்கு வைரசு என்பது ஓர் உறைக்குள் சுருண்டு கிடக்கும் ஆர்.என்.ஏ. இழை. அதில் இருப்பது பத்தே பத்துப் புரதங்களுக்கான செய்தி. நுளம்பு கடிக்கும்போது உள்ளே வந்து, நம்மைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்களையே பிடித்துக்கொள்கிறது. அந்தக் கலமோ, யாருடைய செய்தி என்று பாராமல் அதற்கும் புரதம் செய்து கொடுக்கிறது. காவற்காரன் வீட்டு அடுப்பிலேயே கள்வன் சமைத்துச் சாப்பிடுகிறான்!

மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் சுகம் என்று நினைக்கிறோம். டெங்குவில் சூடு இறங்கும் நேரம்தான், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், ஆபத்துத் தொடங்கக்கூடிய நேரம். குருதியில் வைரசு அப்போது குறைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது வெளிவிட்ட புரதமும், அதை எதிர்க்க நம் உடல் கொட்டிய இரசாயனங்களும் சேர்ந்து, மிக நுண்ணிய குருதிக் கலன்களின் சுவரைக் கசிய வைக்கின்றன. குருதியின் திரவப் பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் ஒழுகுகிறது. குருதி தடிக்கிறது, அமுக்கம் விழுகிறது. எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தால் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். நாமோ குருதிச் சிறுதட்டு எத்தனை, பப்பாசி இலைச் சாறு கொடுத்தீர்களா என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

என் மாமி மகளுக்கு ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அன்று தவணைப் பரீட்சை. வெள்ளை உடுப்பும் பர்தாவும் போட்டுத் தயாராக நின்றவளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தன. மாமி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கசிவு தொடங்கிவிட்டதாக அன்று பின்னேரம் வாட்டில் சொன்னார்களாம். அவள் பரீட்சை மண்டபத்தில் இருந்திருந்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதை யார் கவனித்திருப்பார்?

மற்றவர்களையும் பார்க்க வேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பாடசாலை நேரம் அதற்கும் வேலை நேரம். காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளளவில் நோயாளியின் குருதியில் வைரசு இருக்கும். பனடோல் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தவளைக் கடித்த நுளம்பு, 8 முதல் 12 நாட்களின் பின் பக்கத்து மேசைக்காரிக்கு அதைக் கொடுக்கலாம். அவளுக்கு முன்பொரு தடவை டெங்கு வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. முதல் வகைக்கு எதிராக உண்டான பிறபொருளெதிரிகள், வேறு வகை வரும்போது அதை அழிக்காமல் வெறுமனே ஒட்டிக்கொண்டு, கலத்துக்குள் அது நுழைய வழிகாட்டி விடுவதுண்டு.

பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகள் சும்மா வீட்டில் நிற்பார்கள் என்று ஆசிரியைமார் சொல்லக்கூடும். அப்படியானால் வைத்தியரின் துண்டைக் கேட்கட்டும். துண்டு கொண்டுவருபவளுக்குக் காய்ச்சல் நாட்களையும், காய்ச்சல் விட்ட பின் இரண்டு நாட்களையும் இடாப்பில் குறைக்காமல் விடட்டும். தவறிய தவணைப் பரீட்சையைப் பிறகு எழுத இடம் கொடுக்கட்டும். பாடக் குறிப்புகளை வட்சப்பில் அனுப்ப ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தியாவது இருப்பாள். எங்கள் வகுப்பில் நான் இருக்கிறேன்.