காவல் நிலையத்தின் மேல் புகார் என்றால் எங்கே போவது?

டெல்டா கிராமங்களில் ஆதிதிராவிடர் தெருவிலிருந்து ஒருவர் அடிபட்டுக் காவல் நிலையம் போனால், அவர் கைக்கு முதலில் வருவது சி.எஸ்.ஆர். ரசீது. முதல் தகவல் அறிக்கை அல்ல. "நாளைக்கு வாங்க, அவங்களையும் கூப்பிட்டுப் பேசுவோம்" என்று அனுப்பிவைப்பார்கள். மறுநாள் போனால் எதிர்த்தரப்பின் புகார் ஒன்று முன்தேதியில் தயாராக இருக்கும். இரண்டையும் மேசையில் வைத்து, ராஜி ஆகிறீர்களா, இல்லை இரண்டு பேர் மேலும் வழக்குப் போடட்டுமா என்று கேட்பார்கள். நடவுக் கூலியை நம்பிப் பிழைக்கிறவர் என்ன பதில் சொல்வார் என்பது கேட்கிறவருக்கும் தெரியும்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. கைது செய்வதற்குரிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 18ஏ பிரிவு, வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. 4-ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியர் ஒருவர் புகாரைப் பதியாமலோ, வாய்மொழியாகச் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டாமலோ, நகல் தராமலோ வேண்டுமென்றே கடமை தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஆனால் அந்த வழக்கைப் பதிய ஒரு நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்று அதே பிரிவு ஒரு பூட்டும் போட்டிருக்கிறது. காவலர் தவறு செய்தாரா என்று முதலில் பார்க்கப்போவது அவருடைய நிர்வாகம்தான்.

நம் கேள்வி இதுதான். காவல் துறையின் மீது ஒரு குடிமகனுக்குப் புகார் இருந்தால், அதைக் காவல் துறை அல்லாத ஒருவர் உட்கார்ந்து விசாரிக்க இந்த மாவட்டத்தில் ஓர் இடம் உண்டா?

காகிதத்தில் உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. அதில் ஒன்று, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல் துறைக்கு எதிரான புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டி.எஸ்.பி. வரையுள்ளவர்கள் மீதான புகார்களை அது விசாரிக்கும். காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை மட்டுமல்ல. பணம் பறித்தல், நிலம் வீடு அபகரித்தல், அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்துதல் எல்லாம் அதன் வரம்புக்குள் வரும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர். டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு கூடுதல் டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும் உறுப்பினர்கள். 2019-இல் இதற்கான அரசாணையும் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எங்கே என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கும் போனது. சட்டம் நிறைவேறியபோது ஒரு கட்சி ஆட்சி. இன்றுவரை நடந்ததோ எல்லாக் கட்சிகளும் அறிந்தது. சமூக நீதி பேசும் எந்தக் கட்சியும் இந்த ஆணையத்தைத் தேர்தல் மேடையில் பெரிதாகப் பேசி நாம் கேட்டதில்லை.

ஆட்சியர்கள் எல்லாம் போலீசுக்கு அடங்கியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நடுநிலையான ஆட்சியர்களை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. கோளாறு பதவியின் அமைப்பில் இருக்கிறது. திருவிழாவா, தேர்தலா, சாலை மறியலா, எதுவானாலும் ஆட்சியரும் கண்காணிப்பாளரும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் அதிகாரிகளோடு அன்றைய ஆட்சியரின் பொறுப்பையும் சுட்டிக்காட்டியது. 2013 சட்டப்படி பார்த்தால், அந்த மாவட்டத்தில் போலீஸ் மீதான புகாரை விசாரிக்க வேண்டியவர் அதே நாற்காலியில் இருப்பவர்தான்.

இது புதிதாக முளைத்த சிக்கலும் அல்ல. கம்பெனி ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தார்கள். விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அனுந்தால் என்று கருவிக்கும் முறைக்கும் பெயரே இருந்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்த பிறகு விசாரணை ஆணையம் அமைந்து, 1855-இல் அறிக்கை தந்தது. வரி வசூலிக்கும் தாசில்தாரே அன்று போலீஸ் அதிகாரியும். யார் அடித்தாரோ அவருடைய ஆட்களிடமே முறையிட வேண்டியிருந்தது. அடிபட்டவனுக்கு நியாயம் கேட்க வழி இல்லாமல் போனதே பெரிய கொடுமை என்று அந்த வெள்ளைக்கார ஆணையமே கண்டது. அதன் பிறகுதான் 1859-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த் துறையும் போலீசும் தனித்தனியாயின. இரண்டு அதிகாரமும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அன்று பிரித்ததை, 154 ஆண்டு கழித்துப் புகார் விசாரிக்கும் மேசையில் மறுபடி ஒட்டவைத்திருக்கிறோம்.

அந்த அறிக்கை பெரும்பாலும் பட்டா உள்ள குடியானவரின் வலியைப் பேசியது. நிலமே இல்லாத பண்ணையாளின் சாணிப்பாலும் சவுக்கடியும் அரசாங்கக் காகிதத்தில் ஏற இன்னும் பல தலைமுறை ஆனது. அவை பண்ணையின் சொந்தத் தண்டனைகள், போலீசே தேவையில்லை. சங்கம் வைத்துக் கூலி கேட்ட பிறகுதான் கீழத்தஞ்சைச் சேரிகளுக்குப் போலீஸ் வண்டி அடிக்கடி வந்தது. விவசாயத் தகராறுகளுக்கென்றே கிசான் போலீஸ் என்று ஒரு படை அமைந்த பகுதி இது. அந்தப் படை இருந்த வட்டாரத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்த தண்டனையை உயர் நீதிமன்றம் 1973-இல் ரத்து செய்தது. அந்த இரவுக்கு முன் யார் யார் எச்சரித்தும் கேட்கப்படவில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு போக மக்களுக்கு அன்று ஒரு மன்றமும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைப் பார்ப்போம். அங்கே ஒவ்வொரு நகரப் போலீசுக்கும் மேலே பொதுமக்கள் பிரதிநிதிகள் உள்ள ஒரு வாரியம் உண்டு. டொராண்டோ போலீஸ் தலைவரை நியமிப்பதும், பட்ஜெட்டைப் பரிசீலிப்பதும், கொள்கை வகுப்பதும் அந்த வாரியம். குறிப்பிட்ட வழக்கில் யாரைப் பிடி, யாரை விடு என்று சொல்ல மட்டும் அதற்கு உரிமை இல்லை. போலீசால் ஒருவர் செத்தாலோ, படுகாயப்பட்டாலோ, பாலியல் புகார் எழுந்தாலோ விசாரிப்பது தனியான சிறப்புப் புலனாய்வுப் பிரிவு. அதன் இயக்குநராகப் போலீஸ் வேலையில் இருந்தவர் வரவே முடியாது.

அந்தப் பிரிவு 1990-இல் சும்மா பிறக்கவில்லை. 1988-இல் கறுப்பின மக்கள் இருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கறுப்பின அமைப்புகள் தெருவில் இறங்கின. அந்த அழுத்தத்தில்தான் அரசு பணிந்தது. குறையும் உண்டு. விசாரணை அதிகாரிகளில் முன்னாள் போலீசார் பலர் என்று அம்மக்கள் இன்றும் குற்றம் சாட்டுகிறார்கள். சஸ்கடூன் நகரில் பூர்வகுடி ஆண்களைக் கடுங்குளிரில் ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போன போலீசாரின் பழக்கமும் அதே நாட்டில்தான் இருந்தது. அதுபற்றிய ஒரு விசாரணை அறிக்கை 2004-இல் வந்தது. ஆகவே கனடா சொர்க்கம் என்று எழுத நாம் உட்காரவில்லை. எங்கேயும் போலீசின் அடியை முதலில் வாங்குகிறவர்களே போலீசுக்கு மேலே ஒரு கண் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் இருக்கிறது.

மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்பார்கள். 1997 முதல் இருக்கிறது, உண்மைதான். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பும் சொன்னது. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், அலுவலகம் சென்னையில், அதன் புலனாய்வுப் பிரிவில் இருப்பவர்களும் போலீஸ் அதிகாரிகளே. பேராவூரணிப் பக்கத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ ஒரு கூலித் தொழிலாளி விசாரணைக்குப் போய்வர எத்தனை நாள் கூலி போகும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவரையே அந்த நிலையத்தில் மதிக்கவில்லை. கேமரா பதிவு அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. நிலையத்தை வருவாய்த் துறை பொறுப்பில் எடுக்க நீதிமன்றம் வழிசெய்ய வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்கவும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு, காக்கவும் உத்தரவிட்டது. அதைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவில் கிராமப்புறத்துக்கு மாவட்ட ஊராட்சித் தலைவரும் இடம்பெற வேண்டும். மக்கள் ஓட்டு வழியே வந்த ஒருவர் காவல் நிலையக் கேமராவைப் பற்றிக் கேட்கலாம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் 2025 ஜனவரியில் இங்குள்ள ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த நாற்காலியிலும் அதிகாரியே வந்து உட்கார்ந்தார்.

இருப்பவற்றில் நமக்கு மிக அருகில் உள்ளது வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17-ஆவது விதி. ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், காவல் கண்காணிப்பாளர், பட்டியல் சாதி பழங்குடி அரசு அதிகாரிகள், அரசு சாராத பட்டியல் சாதி பழங்குடி உறுப்பினர்கள் ஐவர் வரை, தொண்டு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் மூவர் வரை இதில் இடம்பெறுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். வழக்குகளின் நிலை, நிவாரணத் தொகை மட்டுமல்ல, அதிகாரிகள் தம் கடமையைச் செய்தார்களா என்பதையும் ஆராயும் உரிமை இதற்கு உண்டு. காவல் கண்காணிப்பாளரை எதிரில் உட்காரவைத்து, இந்தப் புகாருக்கு ஏன் சி.எஸ்.ஆர்., அறுபது நாளில் முடிய வேண்டிய விசாரணை ஏன் முடியவில்லை, டி.எஸ்.பி. ஏன் தெருவுக்கே வரவில்லை என்று ஒரு தலித் பொதுமகன் கேட்கக்கூடிய ஒரே மேசை இந்த மாவட்டத்தில் இதுதான். இந்த உறுப்பினர் பதவியை விசிட்டிங் கார்டில் அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நண்பர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தேநீரும் முந்திரியும் முடிந்து கையெழுத்துப் போட்டு வந்துவிட்டால், குழு கூடியதாகக் கணக்கு ஏறிவிடும்.

அரசிடம் நம் கோரிக்கை 2006 தீர்ப்பைத் தாண்டிப் போகவில்லை. மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைமை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிக்கு வேண்டும். உறுப்பினர்களில் பட்டியல் சாதியினரும் பெண்களும் கட்டாயம் வேண்டும். அலுவலகம் ஆட்சியர் வளாகத்திலோ எஸ்.பி. அலுவலகத்திலோ இருக்கக் கூடாது. தஞ்சாவூரில் வன்கொடுமை வழக்குகளுக்குச் சிறப்பு நீதிமன்றம் இருக்கும்போது, பக்கத்தில் இதற்கு இரண்டு அறை கிடைக்காதா? விசாரணைக்கு வருகிறவருக்கும் சாட்சிக்கும் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் தர வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் இது ஏற்கெனவே விதியில் இருக்கிறது.

மாணவர்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கண்காணிப்புக் குழு கடந்த மூன்று ஆண்டில் எந்தெந்தத் தேதியில் கூடியது, நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். மாவட்டப் போலீஸ் புகார் ஆணையத்துக்கு வந்த மனுக்கள் எத்தனை, முடித்தவை எத்தனை என்று கேளுங்கள். 4-ஆவது பிரிவில் எத்தனை அரசு ஊழியர் மீது நிர்வாக விசாரணை நடந்தது என்றும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த முப்பது நாளுக்குள் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.