பீடத்தில் ஏற்றிய அன்பு

“மணத்திற்கு முன் தெய்வமாகத் தோன்றினார், மணம் முடிந்த ஆறே திங்களில் வேற்று மனிதராகிவிட்டார்.” இல்லறத்தில் இடர்ப்படுவோர் பலர் இவ்வாறு முறையிடக் கேட்கிறோம். சொல்பவர் சில வேளை மனைவி. சில வேளை கணவன். அவர்தம் துயரம் மெய்யானது. ஆயினும் பரிவோடு ஒரு கேள்வியை எழுப்பவேண்டியுள்ளது. அம்மனிதர் ஆறு திங்களில் மாறித்தான் போனாரா? அல்லது அவரை உள்ளபடி யாரும் பார்க்கவே இல்லையா?

பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் 1822-இல் காதலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஆஸ்திரிய நாட்டின் சால்ஸ்பர்க் நகரை அடுத்த ஹாலைன் உப்புச் சுரங்கத்தை உவமையாகக் காட்டுகிறார். இலையுதிர்ந்த சுள்ளி ஒன்றைச் சுரங்கத்தின் ஆழத்தில் எறிந்துவிடுவர். இரண்டு மூன்று திங்கள் கழித்து எடுத்தால், அதன் சிறு நுனிகளிலெல்லாம் உப்புப் படிகங்கள் வைரமெனப் பூத்திருக்கும். பழைய சுள்ளியை அடையாளம் காண இயலாது. அன்பு கொண்ட மனமும் தான் விரும்புபவர்மீது இவ்வாறே படிகங்களைப் பதித்துவிடுகிறது என்கிறார் அவர்.

நம் குடும்பங்களில் இச்சுரங்கம் எது? பெண் பார்க்கும் நாளில் ஒரு மணி நேரம். அதன்பின் நிச்சயதார்த்தத்திற்கும் திருமணத்திற்கும் இடைப்பட்ட சில திங்கள். அக்காலமெல்லாம் கைப்பேசியில் இனிய குரல் கேட்கிறது. சினந்த முகம் தெரிவதில்லை, பண நெருக்கடி வருவதில்லை, நோய்ப்படுக்கை வருவதில்லை. தெரியாத இடங்களையெல்லாம் கற்பனை நிரப்பிவிடுகிறது. தாமே தேர்ந்து காதலித்து மணப்போரும் இதற்கு விலக்கல்லர். மாலை வேளைகளில் சந்தித்துப் பேசும்போது இருவரும் காட்டுவது விருந்துக்குச் செல்லும் முகமே.

இப்படிகங்கள் எல்லோரிடத்தும் சிறிது பூக்கவே செய்யும். நாளடைவில் அவை உதிரும். உள்ளிருப்பதும் நல்ல கிளையே என்று கண்டு இருவரும் அன்பாக வாழ்வர். ஆனால், பிறர் பதிக்கும் அப்படிகங்கள் இன்றித் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாத ஒருவரைத் துணையாகக் கொண்டால் இடர் தொடங்குகிறது.

உரோமைக் கவிஞர் ஓவிட், ஏறத்தாழக் கி.பி. 8-ஆம் ஆண்டில் முடித்த காவியத்தில் நார்சிசஸ் என்னும் அழகிய இளைஞனின் கதையைச் சொல்கிறார். அவன் நீரில் கண்ட தன் உருவையே காதலித்து, அதை விட்டகல மாட்டாமல் மாய்ந்தான். அவன் பெயரைக் கொண்டே உளவியலார் ‘நார்சிசம்’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். சிக்மண்ட் பிராய்ட் 1914-இல் இதுபற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட கையேட்டில் இது ஆளுமைக் கோளாறுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. தன்னை மிகப் பெரிதாக எண்ணுதல், இடையறாத புகழ்ச்சியை நாடுதல், பிறர் வருத்தத்தை உணராமை, பிறரைத் தன் பயனுக்குக் கருவியாக்குதல் ஆகியன அதன் குறிகள்.

அக்கதையில் எக்கோ என்னும் நங்கையும் உண்டு. பிறர் சொன்ன சொல்லின் இறுதியை மட்டுமே திருப்பிச் சொல்லும்படி சபிக்கப்பட்டவள் அவள். நார்சிசசை விரும்பினாள், புறக்கணிக்கப்பட்டாள், உடல் தேய்ந்து குரலாக மட்டும் எஞ்சினாள். தன்மோகம் முற்றியவர் தேடும் துணை இவளைப் போன்றவரே. தொடக்கத்தில் அவரும் தம் துணையைப் பீடத்தில் ஏற்றுவார். “உன்னைப்போல் உலகில் ஒருவரும் இல்லை” என்பார். பின்பு ஒருநாள் துணைவி மாற்றுக் கருத்துச் சொல்வாள். அல்லது நோயுற்றுப் படுப்பாள். தம் முகத்தைக் காட்டுவதற்கென்று அவர் வைத்திருந்த கண்ணாடி வாய் திறப்பதை அவர் பொறார். புகழ்ந்த வாயே இகழும். அவளோ, “குறை என்னுடையதே, முன்பிருந்த அவரை எப்படியும் மீட்டுக்கொள்வேன்” என்று மேலும் வளைந்து கொடுப்பாள். ஆண்டுகள் கழியும். கணவனும் மனைவியும் இடம் மாறினாலும் கதை இதுவே.

உலகறிந்த ஒரு வாழ்வை நோக்குவோம். இறந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் கருத்தன்று. நிகழ்ந்தவற்றை மட்டும் பார்ப்போம். 1943-இல் பாரிசில் ஓவியர் பிக்காசோவைப் பிரான்சுவாஸ் கிலோ என்னும் இளம் ஓவியர் சந்தித்தார். அவருக்கு வயது 21, பிக்காசோவுக்கு 61. பிக்காசோவுக்கு மனைவியும் இருந்தார். உலகமே போற்றிய மேதையுடன் வாழ்ந்து இரு பிள்ளைகளைப் பெற்ற கிலோ, 1953-இல் பிள்ளைகளுடன் அவரை விட்டு வெளியேறினார். அவ்வாழ்வைப் பற்றி 1964-இல் நூல் எழுதினார். பிக்காசோ அதைத் தடுக்க வழக்காடித் தோற்றார். பின்னர்த் தம் பிள்ளைகள் இருவரையும் காண மறுத்தார். பிக்காசோ 1973-இல் மறைந்தபின், அவரோடு வாழ்ந்த வேறு இரு பெண்கள், 1977-இல் ஒருவரும் 1986-இல் ஒருவரும், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கிலோவோ தொடர்ந்து ஓவியம் தீட்டி, 2023-இல் தம் 101-ஆம் வயதில் இயற்கை எய்தினார். மேதையை வியந்தபோதும் மனிதரைக் காணும் கண்ணை அவர் மூடிக்கொள்ளவில்லை. தமக்கென ஒரு தொழிலையும் கைவிடவில்லை.

பங்குக் கோவிலில் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிக்கிறார்கள். தடை அறிந்த ஊரார் சொல்லட்டும் என்பதற்காக. ஊரார் அறியாத தடைகளை மணமக்களும் பெற்றோரும்தாம் பார்க்கவேண்டும். சிறியதொரு காரியத்தில் ‘முடியாது’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் எவ்வாறு மாறுகிறது? தமக்குப் பயன்படாதவரிடம், உணவு பரிமாறுபவரிடமும் பேருந்து நடத்துனரிடமும், அவர் எவ்வாறு பேசுகிறார்? தம் தோல்விகள் அனைத்துக்கும் பிறரையே குற்றம் சாட்டுகிறாரா? ‘மன்னித்துக்கொள்’ என்னும் சொல் அவர் வாயில் ஒருமுறையேனும் வந்ததுண்டா? சாதகமான விடை கிடைக்கும்வரை திருமண நாளைத் தள்ளிவைப்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே மணமானவர்க்கும் ஒரு சொல். கணவனோ மனைவியோ சற்றுத் தற்பெருமை பேசினால் உடனே ‘நார்சிசம்’ என்று பட்டம் கட்டிவிடவேண்டா. நோயைத் தீர்மானிப்பது உளமருத்துவரின் பணி. ஆனால் இடைவிடாத இழிசொல், மிரட்டல், அடி ஆகியவற்றைச் சிலுவை என்று கருதி வாய்மூடிச் சுமக்கவேண்டியதில்லை. பெற்றோரிடமும் நம்பத்தக்க பெரியோரிடமும் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமையையும் வன்முறையாகவே கருதிப் பெண்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெண்களுக்கான 181 என்னும் உதவி எண்ணும் உண்டு.

பீடத்தில் ஏற்றியவரும் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். அங்கு அவர் வைத்து வணங்கியது பெரும்பாலும் தம் கற்பனையில் பூத்த உருவத்தையே. அதன் கீழிருந்த மனிதரை அவரும் பார்க்கவில்லை. ஆகவே இன்று மாலை உங்கள் துணைவர் வீடு திரும்பியதும், அவருடைய நாள் எவ்வாறு கழிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை இறுதிவரை கேளுங்கள். உங்கள் நாளைப் பற்றி அவரும் கேட்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.