மேலே தார்ப்பாய், கீழே என்ன?

எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் பிக்கப் வண்டி நிற்காத தெரு இல்லை. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குக் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் வைத்தோம். 2011-இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. அது நம் ஓசூர் ஆலையிலேயே பிறந்த பிள்ளை. பொலேரோ பிக்கப்புகளும் சேர்ந்துகொள்ள, படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பலருக்கு இன்று இந்த வண்டிகள்தான் சோறு போடுகின்றன.

இதில் நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். முன்பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அப்பாவின் பணிக்கொடையிலிருந்தோ, தாத்தாவின் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்தோதான். வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் நாம்தான். ஆகவே வண்டியைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல நமக்கு உரிமை உண்டு.

வண்டி வந்ததும் பிள்ளைகள் செய்யும் செலவைக் கவனித்திருக்கிறேன். பாட்டுப் பெட்டி, சீட் கவர், கண்ணாடியில் ஸ்டிக்கர், ஊரையே எழுப்பும் ஹாரன். இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய காசில்தான் பின்பக்கத்துக்கு ஒரு தார்ப்பாய். ஓட்டுநர் உட்காரும் இடம் ஜோராக இருக்கிறது. சம்பாதிக்கும் இடம் அநாதையாக இருக்கிறது. வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆயுள் முழுவதும் அரசாங்கக் கோப்பு புரட்டிய குமாஸ்தாவுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? நியாயமான கேள்வி. ஆனால் குமாஸ்தாவுக்குக் கணக்குப் போடத் தெரியும். இது கணக்குச் சமாச்சாரம்.

முதலில் கீழே விரிப்பது. பலர் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போய் செக்கர் பிளேட் அடித்துவிடுகிறார்கள். உறுதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டடி நீளம், ஐந்தேகால் அடி அகலமுள்ள தளம் கிட்டத்தட்ட 4 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ. மொத்தம் 100 கிலோ! 25 கிலோ தக்காளிக் கிரேட் நான்கை, ஒவ்வொரு நடையிலும் வாடகை வாங்காமல் சுமக்கிற மாதிரி. அதோடு, வெல்டிங் வைத்த இடத்தில் கம்பெனி பூசிய பெயிண்ட் கருகும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். அதே அளவு அலுமினியத் தகடு என்றால் எடை மூன்றில் ஒரு பங்குதான், விலைதான் கூடுதல்.

ரப்பர் பாய் சத்தத்தைக் குறைக்கும், சரக்கு வழுக்காமல் பிடிக்கும். ஆனால் சாதாரண ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறி உப்பிவிடும். பிளைவுட் மலிவு, நீர் குடித்தால் இரண்டு மழைக்காலத்தில் பிரிந்துவிடும். மருந்து அடிப்பது போலத் தெளிக்கிற பாலியூரியா பூச்சு தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் இடையில் தண்ணீர் புகாது. ஆனால் செலவு அதிகம், வேண்டாம் என்றால் கழற்றவும் முடியாது.

இவற்றில் எது நல்லது? வண்டியைப் பார்த்துச் சொல்லக் கூடாது, சரக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் எல்லைப் பகுதியின் சிக்கலே இங்குதான் இருக்கிறது. காலையில் இராயக்கோட்டைத் தக்காளியோடு அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் போகும் வண்டி, திரும்பும்போது காலியாக வர மனம் வராது. பொம்மசந்திராவில் இரும்பு வார்ப்புகளோ, லேத்தில் சீவிய சுருள்களோ ஏற்றிக்கொண்டு ஓசூர் சிப்காட்டில் இறக்கும். அந்தச் சுருளோடு வடிகிற கட்டிங் ஆயில் தளத்திலேயே தங்கிவிடும். மறுநாள் அதே தளத்தில் கொத்தமல்லிக் கட்டு! யார் வீட்டுச் சாம்பாருக்கு என்று நமக்குத் தெரியாது. நம் வீட்டுச் சாம்பாராகவும் இருக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது: இந்தப் பகுதியில் கழற்றிக் கழுவக்கூடிய விரிப்புதான் சரி. காய்கறிக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். உரம், பூச்சிமருந்து ஏற்றினால் அது இரும்பு விரிப்பின் மேல்தான் போக வேண்டும். வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கித் தளத்தை உலர விடுங்கள். தளத்தின் மூலையில் உள்ள நீர் வடியும் துளையை எந்த விரிப்பும் அடைக்கக் கூடாது. அடியில் தேங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும்.

இனி மேலே மூடுவது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இதன் பெயர் 'பாஷ்'. ஆங்கிலத்தில் தார்ப்பாலின், தார் பூசிய துணியால் கப்பல்காரர்கள் சரக்கை மூடியதால் வந்த பெயர் என்பார்கள். நம் ஆட்கள் அதைக் காதில் வாங்கி 'தார்ப்பாய்' ஆக்கிவிட்டார்கள். பாய் என்றால் நமக்கு விரிப்பதும் உண்டு, கப்பலில் கட்டுவதும் உண்டு. மொழிபெயர்ப்புக் குழு கூடியிருந்தாலும் இத்தனை பொருத்தமாக அமைந்திருக்காது.

கடையில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஜிஎஸ்எம் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது. 18 அடிக்கு 12 அடி தார்ப்பாய் 20 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் 4 கிலோ இருக்க வேண்டும். கடைக்காரரின் தராசிலேயே போட்டுப் பாருங்கள். 2 கிலோகூட வரவில்லை என்றால் அது 90, 100 ஜிஎஸ்எம் சரக்கு. ஓர விளிம்பு மடித்துத் தைத்திருக்கிறதா, கயிறு கோக்கும் வளையங்கள் நெருக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

ரோஜாவும் தக்காளியும் பறித்த பின்னும் மூச்சு விடுகின்றன. காற்றுப் புகாமல் இறுக்கி மூடினால் உள்ளே புழுங்கி வேர்க்கும், சரக்கு அழுகும். வெயிலில் பச்சை நிழல்வலை போதும். தார்ப்பாய் மழைக்குக் கைவசம் இருக்கட்டும். இரும்புக்கு நேர்மாறு: கனத்த தார்ப்பாய், கூர்முனைகளில் பழைய சாக்கு. எம்-சாண்டு ஏற்றினால் மூடாமல் போகவே கூடாது. பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணில்தான் அது விழும். அவிழ்ந்து படபடக்கும் தார்ப்பாயும் அவருக்கு எமன்தான். முன்பக்க ஓரத்தைக் காற்று தூக்காதபடி உள்ளே செருகிக் கட்டச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கம்பிக் கூண்டு அடித்து மேலே தார்ப்பாய் போட்டதும், 'நிழலாகத்தானே இருக்கிறது' என்று கல்யாணத்துக்கும் களை எடுக்கவும் ஆட்களை ஏற்றுகிறார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு நேர்ந்ததற்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிர் போனால் இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். அவரிடம் ஏது? நம் வீடும் நிலமும்தான். அதிகச் சுமைக்கும் 2019 திருத்தச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறது. பக்கவாட்டில் பிதுங்கினாலும் 20,000தான்.

எனவே நண்பர்களே, பேரப்பிள்ளை வண்டிக் கடனுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். போகும்போது என்ன ஏற்றுவாய்? வரும்போது என்ன ஏற்றுவாய்? இரண்டுக்கும் நடுவே எங்கே கழுவுவாய்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்த பிறகு பேனாவைத் திறங்கள்.