தேங்காய்த் தண்ணீரும் தக்காளித் துண்டும்

வீட்டில் தேங்காய் உடைத்தவுடன் அந்தத் தண்ணீருக்காகத் தம்பி தங்கையரோடு சண்டையிடும் எங்களில் எத்தனை பேர், அது ஒரு சிறு துண்டை முழுச் செடியாக்க உதவும் என்று எண்ணியிருப்போம்? திசு வளர்ப்பைப் பற்றிச் சில வரிகள் படித்திருக்கிறோம். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம், அதோடு சரி.

அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் எவ்வளவு சுவையான கதை! 1934-ஆம் ஆண்டில் பிலிப் ஒயிட் என்னும் அமெரிக்க விஞ்ஞானி தக்காளி வேரின் நுனியைக் கத்தரித்து, உப்புகளும் சர்க்கரையும் ஈஸ்ட் சாறும் கலந்த நீரில் இட்டார். தண்டும் இலையும் இல்லாமலே வேர் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 1941-இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருவைத் தேங்காய்த் தண்ணீரின் துணையால் வளர்த்தனர். 1958-இல் ஸ்டூவர்ட் அதே தண்ணீரைச் சேர்த்துக் காரட் திசுவிலிருந்து முழுச் செடியையே எழுப்பிக் காட்டினார். செல்களைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின்கள் அதில் இருப்பதே காரணம். தக்காளியின் விதையிலைத் துண்டு தளிர் விடவும் இவையே தேவை. வேர் விட ஆக்சின் வேண்டும்.

இயற்கைப் பொருள் என்பதாலேயே அது உயர்ந்தது என்று சிலர் வாதிடுவர். அதை நாங்கள் ஏற்கவில்லை. இளங்காயின் தண்ணீரும் முற்றிய காயின் தண்ணீரும் ஒன்றல்லவே! ஒரு காயில் தளிர்த்தது மறு காயில் தளிர்க்காமல் போகலாம். ஆராய்ச்சி நிலையங்கள் ஜியாட்டினை அளந்து சேர்ப்பது அதனால்தான். ஆனால் அதன் விலை பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்படியாகாது. எங்களுக்குத் தேங்காயே போதும். காய்க்குக் காய் ஏன் மாறுகிறது என்று தேடுவதும் ஒரு பாடந்தானே?

இப்போதோ யாரோ செய்துவைத்த ஸ்லைடைப் பார்த்துப் படம் வரைந்து ரெக்கார்டு நோட்டை நிரப்புகிறோம். பென்சில் கூராக இருந்தால் நல்ல மதிப்பெண்! "பூஞ்சணம் பிடித்துவிடும், பொருள் வீண்" என்பர் பெரியோர். பிடிக்கட்டுமே! சில உப்புகள், சர்க்கரை, அகார், பஞ்சடைத்த குப்பிகள், கிருமி நீக்க ஒரு பிரஷர் குக்கர், ஸ்பிரிட் விளக்கு, இவை எட்டாத பொருள்களா? பத்துக் குப்பிகளில் எட்டுக் கெட்டாலும் இரண்டு மிஞ்சும். துறவி மெண்டல் 1856 முதல் எட்டு ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை எண்ணினார். இதற்கு எத்தனை மதிப்பெண் என்று அவர் கேட்டதாக நாங்கள் எங்கும் படிக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோரம் ஒரே ஓர் அலமாரித் தட்டை எங்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். தேங்காயை நாங்களே வீட்டிலிருந்து கொண்டு வருகிறோம்.