பட்டியலில் இல்லாத பெயர்

சென்ற ஞாயிறு மாலை, பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், தம் மகனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். பையனுக்கு வயது பன்னிரண்டு. வந்தவன் திண்ணையில் அமர்ந்து, தான் கொண்டுவந்த சதுரங்கப் பலகையை விரித்துக் காய்களை அடுக்கத் தொடங்கிவிட்டான். தந்தையின் முகத்திலோ வாட்டம். கொடுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"சேர், இந்த மாதப் பட்டியலிலை இவன்ரை பேரே இல்லை. இனி விட்டிடச் சொல்லட்டோ? படிப்பையாவது பாப்பான்."

அவர் குறிப்பிட்டது உலகச் சதுரங்கச் சம்மேளனம் மாதந்தோறும் வெளியிடும் தரப்பட்டியலை. அதில் இடம் பெறுவதற்கு ஆகக் குறைந்த தரப்புள்ளி 1400. அதற்குக் கீழே ஒருவர் இறங்கிவிட்டால் குறைந்த எண்ணோடு கூடப் பட்டியலில் நிற்க முடியாது. தரமே பெறாதவர் என்ற நிலைக்குத் திரும்பிவிடுவார். பையன் சென்ற ஆண்டு உள்ளே நுழைந்தான். அண்மையில் நடந்த இரண்டு போட்டிகளில் சறுக்கி வெளியே விழுந்தான். நடந்தது இவ்வளவே. ஆயினும், தந்தை அதனை மகனின் திறமை பற்றிய தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. விடை சற்று நீளமானது. அன்று கூறியதையும், அவர்கள் போன பின் இரவு படுக்கையில் தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இந்தப் புள்ளிமுறையை வகுத்தவர் ஆர்பாட் ஈலோ. ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பௌதிகவியற் பேராசிரியராக விளங்கியவர். சிறந்த சதுரங்க ஆட்டக்காரருங்கூட. அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்க அமைப்பு 1960-இலும், உலகச் சம்மேளனம் 1970-இலும் ஏற்றுக்கொண்டன. அதன் உட்கருத்து எளிது. இருவருடைய புள்ளிகளுக்கிடையே 100 வித்தியாசம் இருப்பின், உயர்ந்தவர் 100 ஆட்டங்களில் ஏறக்குறைய 64 புள்ளிகள் பெறுவார் என எதிர்பார்க்கலாம். வித்தியாசம் 200 ஆயின் 76. எதிர்பார்த்ததற்கு மேலாக ஆடினால் எண் ஏறும். கீழாக ஆடினால் இறங்கும். இந்த எண்ணை மிகப் பெரிதாக எண்ணிவிட வேண்டாமென்று அவரே எச்சரித்தார் என்பது பலருக்குத் தெரியாது. நீரில் மிதந்தாடும் ஒரு தக்கையின் நிலையை, காற்றில் ஆடும் கயிற்றிற் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு இதனை அவர் ஒப்பிட்டார். பௌதிகவியலாளர் அல்லவா? அளவையின் பிழையை அறிந்தவர்.

அதற்காக இம்முறையைப் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. 2013 நவம்பரிற் சென்னையில் விசுவநாதன் ஆனந்தும் நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக மோதினர். ஆனந்தின் புள்ளி 2775, கார்ல்சனுடையது 2870. தமிழ் பேசும் இடமெங்கும், நம் குடாநாட்டிலும், ஆனந்த் தம் சொந்த ஊரில் வெல்வாரென்றே நம் மனம் சொல்லிற்று. கணக்கு வேறொன்று சொல்லிற்று. 95 புள்ளி வித்தியாசத்துக்கு ஈலோவின் அட்டவணையைப் பார்த்தால், பத்து ஆட்டங்களில் கார்ல்சன் 6.3 புள்ளி பெற வேண்டும். அவர் பெற்றது பத்து ஆட்டங்களில் 6.5! நம் விருப்பத்தைவிட அட்டவணை நேர்மையாக நடந்துகொண்டது என்பதை மனவருத்தத்தோடேனும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதே ஆனந்த், நான்கு மாதங்களின் பின் 2014 மார்ச்சில், அடுத்த சவாலாளரைத் தெரிவு செய்யும் போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பெற்றார். அங்கே புள்ளியில் உயர்ந்து நின்றவர் ஆர்மீனியரான அரோனியன். ஆனந்தின் காலம் முடிந்தது என்று எழுதியவர்கள் அன்று பேனாவை மூடிவைக்க நேர்ந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2024-இல் சிங்கப்பூரில் நிகழ்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. சென்னைப் பையன் குகேஷ் 2783 புள்ளியோடு வந்தார். எதிரே உலகச் சம்பியனான சீனத்து டிங் லிரென், 2728. உலகச் சம்பியன், தரவரிசையில் இருபத்துமூன்றாம் இடத்தில்! பட்டம் ஒருவரிடம் இருக்க, முதலாம் இலக்கம் கார்ல்சனிடம் இருந்தது. எது உண்மையான திறமை என்று என் மாணவர்கள் அப்போது வகுப்பிலே வாதாடினார்கள். குகேஷ் மிக எளிதாக வெல்வாரென்று பலரும் கூறினர். முதல் ஆட்டத்தையே டிங் வென்றார்; பன்னிரண்டாம் ஆட்டத்தையும் வென்று சமநிலைக்குக் கொண்டுவந்தார். பதினான்காவது, இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு பிழை. பதினெட்டு வயதுக் குகேஷ் 7.5க்கு 6.5 என வென்றார். ஈலோவின் அட்டவணை குகேஷுக்குக் கொடுத்திருந்தது எட்டுக்குச் சற்று மேல். அட்டவணை அடக்கமாகவே பேசிற்று. அதைப் படித்தவர்கள்தாம் ஆரவாரமாகப் படித்தார்கள்.

பையனின் விடயத்துக்கு இது எங்ஙனம் பொருந்தும்? உச்சியில் இருப்போரெல்லாம் ஆண்டு முழுவதும் ஒருவரோடொருவர் ஆடுகின்றனர். ஆதலின், அவர்களுடைய எண்கள் ஒன்றையொன்று உரைத்துப் பார்த்த எண்கள். யாரோடும் ஆடாதவருக்கும், ஒரே சிலரோடு திரும்பத் திரும்ப ஆடுவோருக்கும் அந்த எண் என்ன சொல்லும்? இங்கேதான் சங்கடம்.

இதற்கொரு விநோதமான சான்று உண்டு. அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்துச் சிறையில், கொலைக்குற்றத்துக்காக அடைபட்டிருந்த கிளோட் பிளட்குட் என்பவர், சிறைக்குள்ளே சககைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். வெளியார் எவரும் அங்கே வருவதில்லை. புதிதாகச் சிறைக்கு வந்தவர்கள் புள்ளி பெறுவர். அவர் அவர்களை வெல்வார். அவர் எண் ஏறும். 1996-இல் அவர் அந்நாட்டுத் தரப்பட்டியலில் இரண்டாம் இடத்தில் நின்றார்! நல்ல ஆட்டக்காரர்தாம், ஆனால் அமெரிக்காவின் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் அவர் என்று அவரை அறிந்தவர் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார். கணக்கிற் பிழையில்லை. மதிலுக்குள்ளே செய்த கணக்கு, மதிலுக்கு வெளியே செல்லாது, அவ்வளவுதான்.

பிளட்குட்டுக்கு மதில் ஏற்றத்தைக் கொடுத்தது. நம் பிள்ளைகளுக்கு அதே மதில் இறக்கத்தைக் கொடுக்கிறது. ஓர் ஊரிலே இருபது பிள்ளைகள் ஒருவரோடொருவர் மட்டுமே ஆடுகின்றார்கள் என வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை பெறும் புள்ளி, மற்றொரு பிள்ளை இழந்த புள்ளி. ஓராண்டில் இருபது பேரும் நன்றாகப் பயின்று, இருபது பேருமே முன்னேறிவிட்டால் என்ன நிகழும்? ஒருவருடைய எண்ணும் ஏறாது! குளத்து நீரின் அளவு மாறாதிருக்க, மீன்கள் மாத்திரம் வளர்ந்துவிட்டன. புதிய பிள்ளையொன்று குறைந்த எண்ணோடு, ஆனால் நல்ல பயிற்சியோடு வந்து சேர்ந்தால், இருப்பவர்களின் எண் இறங்கவுஞ் செய்யும். நம் பையனுக்கு நேர்ந்தது இதுவே. அவனைத் தோற்கடித்தவர்கள் இருவரும் பட்டியலிலே குறைந்த எண்ணோடு நின்ற சிறுவர்கள். ஆட்டம் சென்ற ஆண்டைவிடத் திருந்தியிருக்கிறது என்பதை நானே ஆடிப் பார்த்து அறிந்தேன், தோற்றும் அறிந்தேன்.

இது என் கற்பனையன்று. உலகச் சம்மேளனமே இதனை உணர்ந்து, 2024 மார்ச் முதலாந் தேதி, 2000க்குக் கீழ்ப்பட்ட எல்லோருடைய எண்ணையும் ஒரே நாளில் உயர்த்தியது. 1500 வைத்திருந்தவர் 1700 ஆனார். 1000 வைத்திருந்தவர் 1400 ஆனார். அன்றிரவு உலகில் எவரும் கூடுதலாக ஒரு நகர்த்தலைக் கற்றுவிடவில்லை. அடிமட்டத்தை 1000-இலிருந்து 1400 ஆக்கியதும் அன்றுதான். அதன் பயனாகவே இப்பையன் இன்று வெளியே நிற்கிறான். பழைய விதியானால் குறைந்த எண்ணோடேனும் உள்ளே இருந்திருப்பான்.

மதில்கள் தாமாக எழுவதுமுண்டு, மனிதர் எழுப்புவதுமுண்டு. கோல்ப் விளையாட்டைப் பாருங்கள். நமக்கு அது நுவரெலியா சென்றபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்த பச்சைப் புல்வெளி, அதற்குமேல் பழக்கமில்லை. அதன் உலகத் தரவரிசை 1986-இல் தொடங்கியது. இரண்டாண்டுகளில் ஆடிய போட்டிகளிற் பெற்ற புள்ளிகளைக் கூட்டிப் போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். பழைய புள்ளி தேய்ந்துகொண்டே போகும். 2022-இற் சவூதிப் பணத்தில் லிவ் என்றொரு புதிய தொடர் தோன்றியது. சிறந்த ஆட்டக்காரர் பலர் அதிற் சேர்ந்தனர். அந்தப் போட்டிகளுக்குப் புள்ளி வழங்க முடியாதென்று தரவரிசைக் குழு 2023 ஒக்டோபரில் மறுத்தது. வாயில் திறவாத சிறு கூட்டம், மூன்றே நாள் ஆட்டம் என்றெல்லாம் காரணம் கூறப்பட்டது. அக்காரணங்களில் நியாயமும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். அத்தொடரிற் சேர்ந்த புரூக்ஸ் கெப்கா, 2023 மே மாதம் அமெரிக்கத் தொழில்முறையாளர் சம்பியன் போட்டிக்கு உலகின் நாற்பத்துநான்காம் ஆட்டக்காரராகச் சென்று, கிண்ணத்தோடு பதின்மூன்றாம் ஆட்டக்காரராகத் திரும்பினார். அந்த நான்கு நாளிலா அவர் முப்பத்தொரு பேரை விஞ்சும் திறமையைப் பெற்றார்? திறமை முன்பே இருந்தது. பார்க்கும் கண்தான் மூடியிருந்தது.

பட்டியல் வாயிலாகவும் மாறிவிடும்போது வேடிக்கைகள் பல நிகழ்கின்றன. 2022-இல் டிங் லிரெனுக்கு எண் போதுமானதாயிருந்தது. ஆடிய ஆட்டங்களின் தொகைதான் போதவில்லை. உடனே சீனாவில் அவருக்கென்றே அவசர அவசரமாகப் போட்டிகள் கூட்டப்பட்டன, தொகை நிறைந்தது, சவாலாளர் போட்டிக்குட் சென்றார், மறு ஆண்டு உலகச் சம்பியனுமானார். 2023 டிசெம்பரிற் சென்னையில் ஒரு போட்டி விரைவாக ஏற்பாடாகியது. அதில் வென்றே குகேஷ் சவாலாளர் போட்டிக்கு வழி கண்டார். இருவரும் தகுதியுள்ளவர்களே, பின்னர் நடந்தவை அதைக் காட்டின. ஆயினும், தமக்காகப் போட்டி கூட்டக்கூடிய ஒரு நாடோ நகரமோ பின்னால் இல்லாதவன் என்ன செய்வான்? யாழ்ப்பாணத்துப் பையன் புள்ளி தரும் போட்டிகளைத் தேடிக் கொழும்புக்குப் போவதானால், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பிரயாணம், தந்தைக்கு விடுமுறை, தங்குமிடம், நுழைவுக் கட்டணம். அட்டவணையில் இவற்றுக்கெல்லாம் நிரல் கிடையாது.

இவ்வளவும் சொல்லுகையில் தந்தை குறுக்கிட்டார்: "அப்ப படிப்பிலையும் இப்பிடித்தானே, சேர்?"

நல்ல கேள்வி, நான் தவிர்க்க நினைத்த கேள்வியுங்கூட. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி 2001 முதல் நம் வீடுகளின் அடுப்படி வரை வந்துவிட்ட சொல். அது கூறுவது என்ன? ஒரு பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து இப்பிள்ளை எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதைத்தான். தோற்றியோர் கூட்டம் மாறினால் அதே விடைத்தாளுக்கு எண்ணும் மாறும். 2011-இற் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டமை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012-இல் மீண்டும் தனித்தனியே கணக்கிட நேர்ந்தது. பிள்ளைகள் எழுதிய விடைகள் எழுதியபடியே இருந்தன, இடங்கள் மாறின. எழுபதுகளின் தரப்படுத்தலை நேரே அனுபவித்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெறுபேறு வெளிவந்த மறுநாள் மாவட்ட நிலையைச் சொல்லிப் பிள்ளையை அறிமுகம் செய்வதும், நிலை குறைந்தவனைத் திருமண வீட்டுக்கு அழைத்துச் செல்லாது விடுவதும் நம்மவரிடையே இன்றும் உண்டு. ஆசிரியனாகிய நானும் அந்தக் குற்றத்தில் முற்றாக நீங்கியவனல்லன். வகுப்பிலே முதற் பத்துப் பேரின் பெயர் நினைவிருக்கும் அளவுக்கு மற்றையோரின் பெயர் எனக்கு நினைவில் நிற்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் இடங்கள் குறைவு. ஏதோவொரு வரிசை வேண்டும். அதனால் அந்த எண்ணை ஒழித்துவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சதுரங்கத்திலோ அந்த நெருக்கடி இல்லை. பன்னிரண்டு வயதில் ஒருவனுக்கு இடம் மறுக்கப்படுவதில்லை. மீண்டும் தர ஆட்டக்காரரோடு ஐந்து ஆட்டங்கள் ஆடிப் போதிய புள்ளி பெற்றால், பெயர் மறுபடி ஏறும். இதைத்தான் தந்தையிடம் கூறினேன். ஆண்டுக்கு இரண்டு முறையேனும் கொழும்புக்கு அழைத்துப் போகும்படியும், உள்ளூரிற் பெரியவர்களோடு ஆடவிடும்படியும், மாதப் பட்டியலை மாதந்தோறும் பாராதிருக்கும்படியும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதை அவர் கேட்பாரென்று தோன்றவில்லை.

பையன் எங்கள் பேச்சில் ஒரு சொல்லுங் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் பலகையில் அடுக்கியிருந்தது சிங்கப்பூரின் பதினான்காம் ஆட்டத்து முடிவு. "இஞ்சை பாருங்கோ சேர்," என்று என்னை அழைத்தான். டிங் தம் ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்த இடம். யானைகள் போக, மூலையில் அகப்பட்ட மந்திரியும் போக, மிஞ்சிய சிப்பாய்களில் குகேஷுக்கு ஒன்று கூட. "இதிலை யானையை மாத்தாமல் விட்டிருந்தால் சமன் எல்லோ?" என்று கேட்டு, வெள்ளைக் காய்களை என் பக்கம் திருப்பி வைத்தான். விளக்கு வைக்கும் நேரமாகியும் அவர்கள் புறப்படவில்லை. தந்தை ஆறிய தேநீரைக் குடித்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.