எனது பட்டியலுக்கு நானே பொறுப்பு

ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே மேலைநாட்டு இசைச் சஞ்சிகைகளும் இணையத்தளங்களும் 'ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புகள்' என ஐம்பது பெயர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டுவிடுகின்றன. இண்டி றொக் இரசிகர்களுக்கு, அதாவது பெரிய நிறுவனங்களின் பிடிக்கு வெளியே சிறு வெளியீட்டகங்களின் நிழலில் வளர்ந்த கிற்றார் இசையை விரும்புவோருக்கு, இது ஒரு திருவிழா. இந்தத் திருவிழாவில் எனக்கு உடன்பாடில்லை.

வரிசைப்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. தனியொரு இரசிகர் தன் பெயரைப் பொறித்து, 'எனக்குப் பிடித்தவை இவை, இந்த ஒழுங்கில், இன்ன காரணங்களுக்காக' என்று எழுதும் பட்டியலை விரும்பிப் படிப்பவன் நான். குழுவாகக் கூடிப் புள்ளிகளைக் கூட்டி, 'சிறந்தவை இவையே' என்று அறிவிப்பதைத்தான் ஏற்க மறுக்கிறேன். அது எவரும் பொறுப்பேற்காத தீர்ப்பு.

நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் ஆண்டிறுதிச் சிறப்புப் பக்கங்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிவேன். டிசெம்பர் இறுதியில் வரவேண்டிய பக்கத்தை நவம்பரிலேயே கேட்பார்கள். ஆசிரியபீடத்தில் ஆறுபேர் ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்கள். கூட்டிப் பார்த்தால், ஒருவருமே உயிராக நேசிக்காத, ஆனால் எல்லோரும் அறிந்துவைத்திருந்த ஒன்று முதலிடத்தில் வந்து நிற்கும்.

நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' வாரப்பத்திரிகை 1971 இல் தொடங்கிய 'பாஸ் அன்ட் ஜொப்' வாக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 புள்ளிகள். அவற்றைப் பத்துத் தொகுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்குக் குறைந்தது 5, கூடியது 30. ஒருவர் ஒரு தொகுப்பின்மீது பித்துக்கொண்டு 30 புள்ளிகளையும் வழங்கினால், வேறொன்றுக்கு ஆறுபேர் போகிறபோக்கில் இடும் ஐந்தைந்து புள்ளிகள் அதனைச் சமன்செய்துவிடும். ஆயினும் அந்த வாக்கெடுப்பு விமர்சகர்களின் வாக்குச்சீட்டுகளையும் வெளியிட்டது. எனது பார்வையில், மொத்த முடிவைவிட அந்தச் சீட்டுகளே பெறுமதியானவை.

தீர்ப்பு எத்தகையது என்பதற்கு 2007 ஆம் ஆண்டே சாட்சி. றோலிங் ஸ்டோன் சஞ்சிகை எம்.ஐ.ஏ.யின் 'காலா'வை முதலிடத்தில் வைத்தது. பிட்ச்ஃபோர்க் இணையத்தளம் பாண்டா பெயரின் 'பேர்சன் பிட்ச்'சை வைத்தது. பாஸ் அன்ட் ஜொப்பில் வென்றதோ எல்சிடி சவுண்ட்சிஸ்டத்தின் 'சவுண்ட் ஒவ் சில்வர்'. மூன்று மன்றுகள், மூன்று தீர்ப்புகள். மூன்றும் 'சிறந்தது' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தின.

பிட்ச்ஃபோர்க் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 0.0 முதல் 10.0 வரை தசமத்தில் புள்ளி வழங்கியது. நியூட்ரல் மில்க் ஹொட்டேல் குழுவின் 'இன் தி ஏரோப்பிளேன் ஓவர் தி சீ' 1998 இல் பெற்றது 8.7, மீள்வெளியீட்டின்போது 2005 இல் பெற்றது 10.0. பின்னர் 2021 இல் பழைய புள்ளிகள் சிலவற்றை அத்தளமே திருத்தியது. இன்ரபோல் குழுவின் முதல் தொகுப்பு 9.5 இலிருந்து 7.0 க்கு இறங்கியது. லிஸ் ஃபெயரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பு 0.0 இலிருந்து 6.0 க்கு ஏறியது. இதற்கிடையில் அந்த ஒலிப்பதிவுகளில் ஒரு சுரமும் மாறவில்லை. மனிதருக்கு மனம் மாறுவது இயல்பு, அதில் குற்றமில்லை. மாறக்கூடிய மனத்தை மருந்துக்கடைத் தராசுபோலத் தசமத்தில் காட்டியதே குற்றம். விளம்பரப் பணமில்லாத ஒரு சிறு குழுவுக்கு அந்த இலக்கம் வாழ்வா சாவா என்ற விடயம் அல்லவா? 2024 ஜனவரியில் அத்தளத்தை அதன் உரிமையாளரான கொண்டே நாஸ்ட் நிறுவனம் இன்னொரு சஞ்சிகையுடன் இணைத்தபோது பலர் வேலையிழந்தனர். சக பத்திரிகையாளர்களின் வேலையிழப்பில் எனக்கு மகிழ்ச்சியில்லை. அந்தத் தராசுக்காக மட்டும் நான் அழமாட்டேன்.

தனிமனித இரசனை குறுகியதல்லவா என்று கேட்பீர்கள். ஆம், குறுகியதே. ஆனால் அதன் எல்லை வெளிப்படையாகத் தெரியும். அதே 2007 க்கான எனது வரிசையைத் தருகிறேன். எனது சாய்வுகளை நீங்களே எடைபோடலாம்.

முதலாவது, த நஷனல் குழுவின் 'பொக்ஸர்'. அதன் தொடக்கப் பாடலில் நான்கும் மூன்றும் ஒன்றையொன்று குறுக்கறுத்து ஓடும் பியானோவை, மிருதங்கக் கணக்கைக் கேட்டு வளர்ந்த காது உடனே பிடித்துக்கொள்ளும். ட்ரம்ஸ் தாமதித்தே நுழைகிறது. அந்தப் பொறுமைக்காகவே முதலிடம்.

இரண்டாவது, ரேடியோஹெட்டின் 'இன் ரெயின்போஸ்'. 2007 ஒக்டோபர் 10 ஆம் திகதி இணையத்தில் வெளியிட்டு, விரும்பிய விலையைக் கொடுங்கள் என்றார்கள். விலையையே இரசிகரிடம் விட்டுவிட்ட ஒரு தொகுப்பின் தரத்தை மாத்திரம் குழுவொன்று தீர்மானிக்க வேண்டுமா?

மூன்றாவது 'காலா'. இது றொக்கா என்று சிலர் முகம் சுளிப்பர். பங்க் றொக் குழுவான த கிளாஷின் இசைத்துணுக்கின்மீது கட்டப்பட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' இதில்தான் உள்ளது. யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்து லண்டனுக்கு ஏதிலியாகச் சென்ற ஒரு பெண், தாயின் பெயரைச் சூட்டி, உறுமியின் ஓசையை உலகச் சந்தைக்கு எடுத்துச்சென்ற தொகுப்பு இது. அந்த ஓசைக்கு என் காது சாயும். சாய்கிறது என்று நான் எழுதிவைக்கிறேன். எந்தக் குழு தன் சாய்வை இவ்வாறு எழுதிவைக்கும்?

நான்காவது 'சவுண்ட் ஒவ் சில்வர்'. ஒரே பியானோத் துடிப்பு ஏழு நிமிடங்களுக்குமேல் திரும்பத் திரும்ப ஒலிக்க, இளமை கழிந்துபோவதை அறிந்த மனிதர் பழைய நண்பர்களைத் தேடும் பாடல் ஒன்றே போதும். ஏனையவை அதன் உயரத்தை எட்டவில்லை என்பது என் எண்ணம்.

ஐந்தாவது, ஆர்கேட் ஃபயரின் 'நியோன் பைபிள்'. கியூபெக்கில் தேவாலயம் ஒன்றை வாங்கி ஒலிப்பதிவுக்கூடமாக்கி உருவாக்கினார்கள். ஒலி பிரமாண்டமானது, பிரசங்கமும் அவ்வாறே. குடும்பத்தினரின் மரணங்களுக்கிடையே பிறந்த 2004 ஆம் ஆண்டின் 'ஃபியூனரல்' தொகுப்பில் இருந்த நெருக்கம் இதில் இல்லை.

பொன் இவேரின் முதல் தொகுப்பு எங்கே என்பீர்கள். 2007 இல் அவர் தாமாகவே வெளியிட்ட அதனை, சிறு வெளியீட்டகமொன்று 2008 இல் மீண்டும் வெளியிட்டது. எனக்குக் கிடைத்தது 2008 இல்; ஆகவே எனக்கு அது அந்த ஆண்டுக்குரியது.

இப்போது குழுக்களைவிடப் பெரிய ஆபத்து வந்திருக்கிறது. 2016 முதல் ஸ்பொட்டிஃபை ஒவ்வோராண்டும் இரசிகரிடமே 'நீங்கள் விரும்பியவை இவை' என்று பட்டியலிட்டுக் கொடுக்கிறது. அது எண்ணுவது எத்தனை தடவை ஒலித்தது என்பதையே. சமையலுக்கிடையே நூறுமுறை ஒலித்த பாடலும், துயரம் மிக்க ஓரிரவில் ஒரேமுறை கேட்டு உறைந்துபோன பாடலும் அந்தக் கணக்கில் ஒன்றல்ல, முன்னதே வெல்லும். நமது விருப்பத்தை நமக்கே சொல்லித்தர இன்னொருவரை அனுமதித்தபின், விமர்சனம் என்று நம்மிடம் எஞ்சுவது என்ன?

ஆகவே ரொறன்ரோவிலோ சிட்னியிலோ வெள்ளவத்தையிலோ இருந்து இதைப் படிக்கும் அன்பர்களே, இந்த ஆண்டுக்கான பட்டியலை நீங்களே எழுதுங்கள். ஐந்து பெயர்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதுங்கள். அடியில் உங்கள் பெயரை இடுங்கள். 'பொக்ஸர்' முதலிடத்துக்கு உரியதன்று என்று கருதுபவர்கள் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். அந்தச் சண்டைக்கு நான் ஆயத்தமாகவே இருக்கிறேன்.