கிழிந்தது துணிதான், மரம் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை எங்கட ஊரில் ஒரு ராத்தா தன்ட முதிரைச் செட்டியை 4,000 ரூபாவுக்கு விற்றுவிட்டா. பழைய தளபாடம் வாங்க வந்தவர் பேரம்கூடப் பேசவில்லை, உடனே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பேரம் பேசாமல் ஒருவர் வாங்குகிறார் என்றால் யாருக்கு லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த நாள் அந்த ஹோலில் புதுச் செட்டி. தவணைக்கு எடுத்தது.

"மகளப் பாக்க வாறாங்க டீச்சர். கிழிஞ்ச குஷன்ல எப்பிடி இரிக்கச் சொல்ற?" என்று கேட்டா.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். அவ காட்டிய கடதாசியில் கணக்குப் பார்த்தேன். செட்டியின் விலை 160,000. முற்பணம் 30,000. மாதம் 7,400 வீதம் 24 மாதம். கூட்டினால் 207,600. மேலதிகமாகக் கொடுப்பது 47,600. இதற்குக் கடையில் என்ன பெயர் வைத்தாலும் எங்களுக்கு அதன் பெயர் தெரியும். ஓட்டோ ஓடும் அவட மாப்பிள்ளை இரண்டு வருசத்துக்கு அந்த 7,400ஐத் தேடி ஓட வேண்டும்.

இனி என் கணக்கு. எங்கட வீட்டுச் செட்டி 1984இல் வாப்பா ஓடாவியிடம் சொல்லிச் செய்வித்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது அதுவும் தண்ணிக்குள்தான் கிடந்தது. ஸ்பொஞ்சை வீசினோம், மரத்தைக் கழுவி நிழலில் காயவைத்தோம். இன்றைக்கும் ஆடவில்லை. இந்த வருசம் ஐந்து இருக்கைக்கும் புது ஸ்பொஞ் 16,000, துணி 9,500, ஜிப், நூல், ரப்பர் பெல்ட், வார்னிஷ் எல்லாம் 4,300. மொத்தம் 29,800. அந்த ராத்தா கட்டப்போகும் மேலதிகக் காசு மட்டும் என்ட முழுச் செலவைவிட 17,800 கூட.

"உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாதே" என்பீர்கள். மரச் சட்டமும் தனிக் குஷனும் உள்ள செட்டிக்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய உறையைத் தையல் வழியே பிரித்து, அயன் பண்ணி, புதுத் துணியில் வைத்து வெட்டுங்கள். அளவு நாடாவே தேவையில்லை. இருக்கைக்கு 4 அங்குல ஸ்பொஞ். உறையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினால்தான் சுருக்கம் விழாமல் இறுகி நிற்கும். முதுகு ஸ்பொஞ்சை அமத்திப் பாருங்கள், திரும்ப எழும்பினால் மாற்ற வேண்டாம். தூள் கொட்டினால் மாற்றுங்கள். பின்பக்கம் நீளமாக ஜிப் வையுங்கள், கழற்றிக் கழுவலாம். துணிக்குத் தூரம் போகத் தேவையில்லை, மருதமுனைத் தறியில் தடித்த துணி கிடைத்தால் அதுவே போதும். எங்கட நெசவாளிக்கும் ஒரு வேலை.

சாப்பாட்டு மேசைக் கதிரை இன்னும் லேசு. கீழே உள்ள ஆணிகளைக் கழற்றினால் இருக்கைப் பலகை கையோடு வரும். துணியை முதலில் நாலு பக்கமும் நடுவில் அடியுங்கள், மூலைகளைக் கடைசியில் மடியுங்கள். மூலையில் தொடங்கினால் துணி கோணும். ஆடும் காலும் உடைந்த சட்டமும் ஓடாவியின் வேலை, அதை அவரிடமே கொடுங்கள். அந்தக் கூலி ஊருக்குள்தான் நிற்கும்.

புதுச் செட்டிகளில் எத்தனையோ, துணிக்குக் கீழே தூள் அமத்திய பலகைதான். மார்கழி மழைக்கு எங்கட ஹோல்களுக்குள் தண்ணி வருவது உங்களுக்குத் தெரியும். முதிரையும் தேக்கும் நனைந்தால் காயும். அந்தப் பலகை நனைந்தால் ஊதும், பிறகு உதிரும். தவணை முடியுமுன் செட்டி முடிந்துவிடும்.

அந்த ராத்தாவை நான் குறை சொல்லவில்லை. குறை எங்களில்தான். பெருநாளைக்கு ஒரு வீட்டுக்குள் போனால் ஸலாம் சொல்லுமுன் கண் செட்டிக்குப் போகிறது. பெண் பார்க்கப் போய் வந்து பிள்ளையின் குணத்தைவிட ஹோலின் தளபாடத்தைத்தான் கூடக் கதைக்கிறோம். வீடும் கொடுத்து, அதற்குள் புதுத் தளபாடமும் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் யார்? எங்கட காக்காமாரும் மாமிமாரும்தானே? வீண்விரயம் பற்றி ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து அடுத்தவன் வீட்டுக் குஷனை எடைபோடுகிறோம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு சொல். கிழிந்த குஷனில் இருக்க வெட்கப்படாதீர்கள். கடன் வாங்கிய குஷனில் இருப்பதற்குத்தான் நாங்கள் வெட்கப்பட வேண்டும்.

செட்டியை விற்க நினைப்பவர்கள் ஒரு நாள் பொறுங்கள். தையல் மெஷின் என் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பழைய உறையைக் கொண்டு வாருங்கள், இருந்து வெட்டித் தருகிறேன். இன்ஷா அல்லாஹ், 24 மாதம் அல்ல, ஒரு பின்னேரம் போதும்.